நடுவே ஒரு சுவர்: வடக்கன்குளம் கோயிலின் கட்டட வரலாறு

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இருக்கிறது வடக்கன்குளம். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்து காவல்கிணற்றை எட்டிவிட்டால் ஊர் பக்கம்தான். பனையும் காற்றாலையும் நிறைந்த நிலம். இந்த ஊரின் திருக்குடும்ப ஆலயம் இரண்டு நிகழ்வுகளால் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றில் இடம்பெற்றது. 1745இல் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் இங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. 1872இல் இங்கே கட்டப்பட்ட கோயிலுக்குப் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு கூடத்தில், நாடார்கள் மற்றதில். நடுவில் சுவர்.

இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனியாகப் புறப்பட்டு வந்து பீடத்தின் அருகே சேரும். அந்தத் தரைப்படத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘கால்சட்டைக் கோயில்’. ஆய்வாளர்களின் எழுத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் நம் ஊர்க் கட்டடங்களில் சாதியை இவ்வளவு வெளிப்படையாகத் தரைப்படத்திலேயே வரைந்து வைத்த கட்டடம் அரிது.

பழைய கோயில்களைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாகக் கோபுரத்தின் உயரம், பிரான்சிலிருந்து வந்த சுரூபம், வண்ணக் கண்ணாடி, மணி என்று தொடங்கிவிடுகிறோம். அதெல்லாம் அழகுதான். ஆனால் ஒரு கோயிலைக் கட்டியவர்கள் எதை நினைத்துக் கட்டினார்கள் என்று அறிய வேண்டுமானால் தரைப்படத்தைப் பார்க்க வேண்டும். வாசல் எத்தனை, யார் எந்த வாசலால் வந்தார்கள், பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே என்ன இருந்தது, யாருடைய தோள் யாருடைய தோளில் பட வாய்ப்பிருந்தது. வடக்கன்குளத்தில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் செங்கல்லிலேயே பதில் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பதில் எப்படி வந்தது என்று புரிய, ஊர் இருக்கும் இடத்தில் இருந்து தொடங்க வேண்டும். வடக்கன்குளம் எல்லை ஊர். மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர், இந்தப் பக்கம் மதுரை நாயக்கர்களும் பின்னர் ஆற்காட்டு நவாபும் உரிமை கொண்டாடிய பாண்டி நாடு. இயேசு சபையின் மதுரை மிஷன் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பகுதியில் கால் ஊன்றியது. ஓர் அரசின் பிடி இறுகினால் இன்னொரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது எல்லை ஊரின் வசதி. தேவசகாயத்தின் கதையிலும் அதைப் பார்க்கலாம்.

1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனோய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருந்தார். அவரோடு பழகிய நீலகண்டன், தன் குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தார். யோபுவின் கதையைத் தெலனோய் அவருக்குச் சொன்னார் என்பது மரபு. ஞானஸ்நானம் வாங்க அவர் எல்லையைக் கடந்து வடக்கன்குளத்துக்கு வந்தார். 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது, மூன்றாண்டு வதை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொலை. உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ என்ற பெயரோடு வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அந்த மண்ணிலேயே அடங்கினார்.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே 1745இல், புதுச்சேரியிலும் ஒரு கோயிலுக்குள் சுவர் பற்றிய தகராறு நடந்துகொண்டிருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்த கோயிலில் பறையர் கிறித்தவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக இருக்க நடுவில் சுவர் இருந்தது. நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு ஏன் இந்த வேறுபாடு என்று பறையர்கள் குருக்களிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. வடக்கன்குளத்தில் சுவர் எழுந்த ஆண்டு 1872. அதற்கு 127 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் பேசும் கிறித்தவர்கள் கோயிலுக்குள் நின்று இந்தக் கேள்வியை நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் இது தவறாகத் தோன்றவில்லை என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சமாதானம் இங்கே நிற்காது. சுவருக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்கு எப்போதுமே தவறாகத்தான் தோன்றியிருக்கிறது.

இதன் வேரைத் தேடினால் 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியிடம் போய்ச் சேர்வோம். மதுரையில் ஏற்கெனவே பரவர்களுக்காக ஒரு கோயில் இருந்தது. நொபிலி அதிலிருந்து விலகித் தனி இல்லம், தனிக் கோயில், சந்நியாசி உடை, சைவ உணவு என்று உயர்சாதியினரை நோக்கிப் போனார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்கள், சமயக் குறிகள் அல்ல என்பது அவர் வாதம். உரோமையும் 1623இல் நிபந்தனைகளோடு அதை ஏற்றது. 1640களில் மற்றச் சாதியினருக்காகப் பண்டாரசாமிகள் என்ற இரண்டாவது குருக்கள் பிரிவு உருவானது. சாதிக்கேற்ற குரு என்ற ஏற்பாடு வந்த பிறகு சாதிக்கேற்ற இடம் என்பது இயல்பாகவே பின்தொடர்ந்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இப்படி உள்ளூர் வழக்கங்களை ஏற்பது பற்றிய சடங்குச் சர்ச்சையில் கடுமையான ஆணை விடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் புதுச்சேரிச் சுவர் விழுந்தது. ஆனால் ஆணையால் பழக்கம் சாகவில்லை. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. ஊர்க் கோயில்கள் கோவாவில் இருந்து வந்த குருக்களின் கைக்குப் போயின. அந்த இடைவெளியில் கோயிலை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரர்கள்.

பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838இல். வந்தவர்கள் வெற்றிடத்துக்கு வரவில்லை. போர்த்துகல் மன்னரின் பழைய உரிமையைச் சொல்லிக்கொண்டு கோவா குருக்கள் இருந்தார்கள். இன்னொரு பக்கம் புராட்டஸ்டண்டுகளான சீர்திருத்தச் சபைகளின் மிஷன்கள் திருநெல்வேலியில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. 1841 முதல் கால்டுவெல் இடையன்குடியில் இருந்தார். ஓர் ஊரில் ஒரு சாதியாருக்கு மனத்தாங்கல் வந்தால் அடுத்த சபைக்குப் போய்விடுவோம் என்று சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறார்கள். இந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு பங்குக்குருவும் ஊர் வழக்கைத் தீர்த்தார். வடக்கன்குளத்து இரட்டைக் கூடத்தை வெறும் ஐரோப்பிய அலட்சியம் என்றோ உள்ளூர் ஆணவம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. இரு தரப்பையும் இழக்க விரும்பாத ஒரு நிர்வாகம் செய்த சமரசம் அது. ஆனால் காகிதத்தில் எழுதிய சமரசத்தைக் கிழித்துப் போடலாம். காரையும் கல்லுமாகக் கட்டிய சமரசம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன்னையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதே காலத்தில் நாடார்களின் நிலை மாறிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம், தெற்குத் திருவிதாங்கூரில், தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி 1859இல் அரச அறிவிப்பு வரும் வரை நீண்டது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடந்த அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் கிறித்தவப் பெண்கள். இந்தப்பக்கம் பனையேற்றை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களில் சிலர் வணிகத்துக்குப் போனார்கள், சிலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க் காசோடு திரும்பினார்கள். மிஷன் பள்ளிகளில் பிள்ளைகள் படித்தார்கள். கோயிலில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்க அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? 1872ஆம் ஆண்டுத் தரைப்படத்தில் இந்த அழுத்தமும் தெரிகிறது.

எப்படி என்றால், நம் பழைய வழிபாட்டிடங்களில் வேற்றுமை என்பது தூரத்தால் காட்டப்பட்டது. கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம், கொடிமரம், கோபுர வாசல். யார் எதுவரை வரலாம் என்பதே அவர் யார் என்பதற்கு விடை. முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், வெளியே நிற்பவர். பல மிஷன் கோயில்களிலும் இதே முறையைத்தான் பின்பற்றினார்கள்: உயர்சாதியார் பீடத்தருகே, மற்றவர் பின்னால் அல்லது பக்கச் சிறகில். வடக்கன்குளத்துப் படம் இதிலிருந்து விலகுகிறது. அங்கே சுவர் குறுக்கே ஓடவில்லை, நெடுக்காக ஓடுகிறது. இரு கூடத்தாரும் பீடத்தை நேராகப் பார்க்கலாம். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் என்ற வரிசை அங்கே இல்லை. நாடார்களின் பக்கமிருந்து பார்த்தால் இது பழைய நிலையைவிட ஒரு படி மேல்: பீடம் இப்போது அவர்களுக்கும் முன்னால். பிள்ளைமாரும் முதலிமாருமான வேளாளரின் பக்கமிருந்து பார்த்தால், முன்னிடம் போனாலும் தீண்டாத் தொலைவு பத்திரமாக இருக்கிறது. இரு தரப்புக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது என்று கட்டியவர்கள் நினைத்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. ஆனால் சமமான தூரம் கிடைத்தவுடனே அடுத்த கேள்வி பிறந்துவிடும். தூரம் சமம் என்றால் சுவர் எதற்கு?

அப்புறம், சுவர் ஏன் தேவைப்பட்டது, ஒரு கயிறோ கிராதியோ போதாதா என்றும் கேட்கலாம். இதற்கு நம் ஊர்க் கோயில்களின் தரையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கோயில்களில் பெஞ்சுகள் உண்டு. பிரான்சிலும் இங்கிலாந்திலும் 19ஆம் நூற்றாண்டில் பணக்காரக் குடும்பங்கள் பெஞ்சுக்கு வாடகை கட்டி முன்னிடம் பிடித்தன. ஏழைகள் பின்னால் நின்றார்கள். கடவுளின் வீட்டில் இடம் பிரிப்பது அந்தக் குருக்களுக்குப் புதிதல்ல. இங்கேயோ பெஞ்சு இல்லை. மக்கள் தரையில் உட்காருவார்கள், முழங்காலில் நிற்பார்கள், திருவிழா நாளில் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். திறந்த தரையில் உடலும் உடலும் தொட்டுவிடும். தொடுவதையே தீட்டாக நினைத்தவர்களுக்குக் கயிறு போதவில்லை.

இரண்டு கூடத்தை ஒரு பீடத்தில் சேர்ப்பது வழிபாட்டு முறைக்கும் அன்று ஒத்துவந்தது. பூசை இலத்தீனில் நடந்தது. குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். அவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் கேட்க வேண்டிய அவசியம் மக்களுக்கு இல்லை. எழுந்தேற்றத்தின்போது மணி ஒலிக்கும், அப்போது தலை நிமிர்ந்து அப்பத்தைப் பார்த்தால் போதும். மணியோசைக்குச் சுவர் தடையில்லை. பீடம் இரு கூடங்களும் சேரும் இடத்தில் இருந்ததால் பார்வைக்கும் தடையில்லை. ஒரு கூடத்தார் மறு கூடத்தாரைப் பார்க்காமலே முழுப் பூசை கண்டு வீடு திரும்பலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களில், குரு மக்களைப் பார்த்து நின்று தமிழில் பூசை வைக்கத் தொடங்கினார். அந்த முறையை 1872ஆம் ஆண்டுக் கோயிலில் கற்பனை செய்து பாருங்கள். “சகோதர சகோதரிகளே” என்று சொல்ல வாய் திறக்கும் குருவின் கண்ணுக்கு நேரே நிற்பது சுவரின் முனை. சமாதான வாழ்த்துச் சொல்லச் சொன்னால் யார் யாருக்குச் சொல்வது? அந்தக் கட்டடம் ஒரு குறிப்பிட்ட வழிபாட்டு முறையில் மட்டுமே மூச்சுவிட முடிந்த கட்டடம்.

கட்டுமானப் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தென்பாண்டிச் சீமையில் பெரிய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் காரைதான். காரையை நாள்கணக்கில் அரைப்பார்கள். கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பார்கள். கூரைக்குப் பனங்கை. கருப்பட்டியும் பனங்கையும் யார் உழைப்பில் வந்தன என்று பனங்காட்டுச் சீமையில் யாரும் கேட்கத் தேவையில்லை. இந்தச் சீமையின் பழைய சுவர் ஒவ்வொன்றிலும் பனையேறியின் வியர்வை கலந்திருக்கிறது. அவர்களைப் பிரித்து வைக்க எழுப்பிய சுவர்களும் இதற்கு விலக்கல்ல.

1910இல் சுவர் இடிக்கப்பட்டது. திருச்சி மறைமாவட்டத்தின் கீழ் இருந்த கோயில் அது. தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தது 1923இல்தான். இடித்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். தீட்டு என்று இராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. 1899இல் சிவகாசிக் கலவரம். கமுதி வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயிலின் நெடுநாள் வழக்கம் அவர்களை உள்ளே விடவில்லை, அந்த வழக்கத்தைச் சட்டம் காக்கும் என்பதே அதன் சாரம். தென்மாவட்டத்தில் நாடார் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்தத் தீர்ப்பின் வலி எட்டியிருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகளில் வடக்கன்குளத்துச் சுவர் விழுகிறது. ஒன்றுக்கொன்று நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒன்றுதான்.

சுவர் போனதை வேளாளர் தரப்பு ஏற்கவில்லை. பிள்ளைமாரும் முதலிமாரும் நீதிமன்றம் போனார்கள். மைக்கேல் பிள்ளையும் மற்றவர்களும் ஒரு பக்கம், திருச்சி ஆயர் பார்த்தும் மற்றவர்களும் எதிர்ப்பக்கம். கோயிலின் ஒரு பகுதி காலங்காலமாக எங்களுக்கு உரியது, அதில் நாடார்கள் வரக்கூடாது என்பது வாதிகளின் கோரிக்கை. நம் ஊரில் இது வெறும் இடத் தகராறு அல்ல. கோயிலில் இடம் போனால் திருவிழாவில் மரியாதை போகும். தேர், சப்பரம், மாலை, பன்னீர் என்று ஒவ்வொன்றிலும் யாருக்கு முதல் என்ற வரிசை கலையும். கோயில் மரியாதை போன குடும்பம் ஊரில் தலைகுனிந்ததாக நினைத்த காலம் அது. அதனால்தான் ஒரு சுவருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

அங்கே வாதிகள் தோற்றார்கள். 1917ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இந்த வழக்கு இடம்பெற்றது. சாதி மேன்மையை ஒரு கிறித்தவக் கோயிலுக்குள் சட்ட உரிமையாகக் கோர முடியாது, கோயிலுக்குள் யார் எங்கே என்பதை ஒழுங்கு செய்வது திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு என்பதே முடிவின் சாரம். மதம் மாறியவருக்குச் சாதி தொடர்கிறதா என்ற கேள்வி எழுந்த பிற்கால வழக்குகளிலும் இந்த வழக்கு பேசப்பட்டது.

கமுதித் தீர்ப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலச் சட்டத்தின் போக்கு விளங்கும். இரண்டிலும் ஒரு பக்கம் நாடார்கள். இரண்டிலும் எதிர்த்தரப்பு காட்டிய சான்று நெடுநாள் வழக்கம். இந்துக் கோயிலில் மாமூலே சட்டம் என்று எடுத்துக்கொண்ட ஆங்கிலேய நீதிமுறை, கிறித்தவக் கோயிலில் சாதி மாமூலைச் சமயத்துக்கு வெளியே இருப்பதாகப் பார்த்தது. ஒன்றில் வழக்கம் உரிமை, மற்றொன்றில் வழக்கம் வெறும் சலுகை, சலுகை கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாடார்கள் ஒரு வழக்கில் தோற்றதற்கும் மற்றதில் அவர்கள் தரப்பு வென்றதற்கும் காரணம் நீதியின் அளவுகோல் மாறியது அல்ல, சமயம் எது என்று நீதிபதிகள் கொண்ட கருத்துதான். இந்துக் கோயில் நுழைவுக்கான சட்டம் சென்னை மாகாணத்தில் வர 1939 ஆயிற்று.

இடையன்குடியையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கால்டுவெல் நீண்ட காலம் எடுத்துக் கட்டி 1880இல் திறந்த பரிசுத்த திரித்துவ ஆலயம் அது. வடக்கன்குளம் கோயில் எழுந்த அதே தலைமுறையில், அதே பனங்காட்டுச் சீமையில் கட்டப்பட்டது. அதற்குள் சுவர் இல்லை. ஆனால் அதை வைத்துச் சீர்திருத்தச் சபையில் சாதி ஒழிந்தது என்று முடிவுகட்ட முடியாது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இலேயே சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதியவர். தஞ்சாவூரில் வேளாளக் கிறித்தவர்கள் அதை எதிர்த்துச் சபையைவிட்டே விலகினார்கள். இடையன்குடியில் சுவர் தேவைப்படாததற்கு முக்கியக் காரணம், அது பெரும்பாலும் ஒரே சமூகத்தார் கூடிய சபை. மிஷன் குடியிருப்புகளில் ஊரே சாதிவாரியாகப் பிரிந்துவிட்டது, அதனால் கோயிலுக்குள் பிரிக்க வேலை இல்லை. வடக்கன்குளத்தின் சிக்கல், இரண்டு வலுவான சமூகங்கள் ஒரே பீடத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தில் ஒரு நல்லதும் உண்டு. தனித்தனிக் கோயிலாகப் பிரிந்து போயிருந்தால் இடிப்பதற்குச் சுவரே இருந்திருக்காது, இன்றும் இரண்டு கோயில்கள் நின்றிருக்கும்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைமார், நாடார் என்ற இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மனுவும் வழக்கும் போட முடிந்தவர்களின் பெயர்கள் அவை. தலித் கிறித்தவர்களுக்குச் சுவர் விழுந்த ஆண்டு என்று ஒன்றைச் சொல்வது இன்னும் கடினம். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், செபமாலை மாதா கோயிலில் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியர் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல் வெடித்து, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்த சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்திருக்கிறது. பட்டியல் சாதியாருக்கான சலுகைகள் 1950 ஆணையால் கிறித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறந்துவிடப்பட்டது. ஒரு பக்கம் அரசு, உங்கள் சமயத்தில் சாதி இல்லையே என்கிறது. இன்னொரு பக்கம் கல்லறைச் சுவர் இருக்கிறது என்கிறது. இந்த மக்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

தேவசகாயம் 2012இல் நாகர்கோவிலில் முக்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ‘பிள்ளை’ என்ற பட்டம் ஒட்டியிருந்தது. சாதியைத் தாண்டி எல்லோரோடும் பழகியதற்காகவும் துன்பப்பட்ட ஒருவரைச் சாதிப் பட்டத்தோடு பீடமேற்றுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. வத்திக்கான் அதை ஏற்றுப் பட்டத்தை நீக்கியது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வெறும் தேவசகாயம்தான். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கின்போது கொடுத்த பெயரும் அதுதானே.

அந்தக் கோயிலுக்கு இப்போது திருப்பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தேவசகாயத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1872ஐயும் 1910ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். பழைய தரைப்படத்தை ஒரு பலகையில் வரைந்து, சுவர் எங்கே ஓடியது என்று தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினாலும் நல்லது. அது ஊருக்கு அவமானம் ஆகாது. சுவரைக் கட்டிய ஊர்கள் பல, இடித்துவிட்டு நீதிமன்றத்திலும் நின்று வென்ற ஊர் அது. அந்த வழக்கில் கோயிலுக்குள் யார் எங்கே என்று ஒழுங்கு செய்யும் அதிகாரம் திருச்சபைக்கே உண்டு என்று தீர்ப்பாகி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே இன்று எந்தக் கோயிலிலோ கல்லறைத் தோட்டத்திலோ ஒரு சாதிச் சுவர் நின்றால், ஊர்வழக்கம் தடுக்கிறது, சட்டம் தடுக்கிறது என்று எந்த மறைமாவட்டமும் சொல்ல முடியாது.